கார்த்திகைக்கு என்ன கொடுத்தார்கள்?

சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை வரைக்கும் வகுப்பு என் கையில் இருக்கும். கண்ணகி அரண்மனை வாயிலில் வந்து நின்றதும் கடைசி வரிசை மாணவிகூட நிமிர்ந்து உட்காருவாள். அதற்குப் பிறகு வரும் கட்டுரை காதைதான் தொல்லை. எரிந்த மதுரைக்கு நடுவில் ஒரு தெய்வம் வந்து நீளமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும். அதைப் பொறுமையாகக் கேட்க மாணவிகளுக்கு ஏது மனம்? எனக்கே இருபது வருடம் இல்லாமல்தான் இருந்தது. பாடத்தில் இருக்கிறதே என்று வேகமாக நடத்தி முடித்துவிடுவேன்.

நான் குடியிருப்பது பென்னலூரில். பாடம் நடத்தும் கல்லூரியும் இதே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டித்தான். ஜன்னலைத் திறந்தால் கண்டெய்னர் லாரிச் சத்தம், சாத்தினால் புழுக்கம். என் வகுப்பில் பாதிப் பெண்களுக்கு அக்காவோ சித்தியோ இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ ஷிப்டுக்குப் போகிறவர்கள். கம்பெனி பஸ் வரும் நேரத்தை வைத்துத்தான் அந்த வீடுகளில் உலை வைக்கிறார்கள்.

போன வருடம் வார்த்திகன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கால் என்ற ஊரில் வார்த்திகன் என்றொரு அந்தணன். அவனுடைய சின்னப் பையன் வேதம் ஓதிய அழகில் மயங்கி, அவ்வழியே போன பராசரன் என்பவன் தன் பொன்நகைகளைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறான். திடீரென்று நகையும் நட்டுமாக வாழும் குடும்பத்தைப் பார்த்து அரச ஊழியர்களுக்குப் பொறுக்கவில்லை. மண்ணுக்குள் கிடைத்த புதையலை அரசுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டான் என்று சொல்லி வார்த்திகனைப் பிடித்துச் சிறையில் போடுகிறார்கள். அவன் மனைவி கார்த்திகை தரையில் புரண்டு அழுகிறாள். அதைக் கண்டு கொற்றவை கோயிலின் கதவு மூடிக்கொள்கிறது, திறக்க மறுக்கிறது. பாண்டியன் பதறிப்போய், என் ஆட்சியில் ஏதாவது கொடுமை நடந்ததா என்று விசாரிக்கிறான். உண்மை தெரிந்ததும் வார்த்திகன் முன் மண்ணில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறான். தங்காலையும் வயலூரையும் அவனுக்குக் கொடுக்கிறான். கோயில் கதவு மதுரை முழுக்கக் கேட்கும் சத்தத்தோடு திறக்கிறது.

இந்த இடத்தில் ஒரு மாணவி கையைத் தூக்கினாள். “மேம், கார்த்திகைக்கு என்ன கொடுத்தாங்க?”

“அதான், ரெண்டு ஊரு…”

“அது வார்த்திகனுக்கு, மேம்.”

முனைவர் பட்டத்துக்காக நான் ஐந்து வருடம் உட்கார்ந்து படித்த நூல் இது. இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை.

அவள் ஏன் கேட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவளுடைய அக்கா ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவள். தொழிற்சாலையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. விடுதிச் சாப்பாடு தொடர்பாக ஒருநாள் பெண்கள் சாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். போலீஸ் வேனில் ஏற்றிப் போய்ச் சாயங்காலம் வரை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்துப் பெயர், அப்பா பெயர், ஊர் எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது சம்மன் வந்தது. பொதுவழியை மறித்தது, ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது என்று வழக்கு. ஊழியரைத் தடுத்ததாகச் சொல்லப்பட்ட நேரத்தில் இவள் வேனுக்குள் இருந்திருக்கிறாள். இரண்டு வருடம் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலி போனது. வேலை முதலில் போனது, அப்புறம் பேசி வைத்திருந்த சம்பந்தம் போனது. அவளோடு கூடவே அம்மாவும் கோர்ட்டுக்குப் போய்வந்ததால் அம்மாவுடைய கூலியும் போனது. கடைசியில் மேல்நடவடிக்கை கைவிடப்பட்டதாக ஒரு தாள் கொடுத்தார்கள். அதை பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறாள்.

அன்றிரவு கட்டுரை காதையை முதலிலிருந்து படித்தேன். இதுவரை அதை ஊழ்வினையின் காதை என்றே படித்திருக்கிறேன், படிப்பித்தும் இருக்கிறேன். ஆனால் இருக்கும் கதைகளை எண்ணிப் பார்த்தால் அது வேறொன்றாகவும் தெரிகிறது. பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட மூன்று ஆண்களைப் பற்றிய காதை அது. சிலம்பைத் திருடினான் என்று கொல்லப்பட்ட கோவலன். புதையலைத் திருடினான் என்று சிறைப்பட்ட வார்த்திகன். மூன்றாவது சங்கமன். சிங்கபுரத்துக் கடைத்தெருவில் பண்டம் விற்க வந்த வணிகன். பகை அரசனின் ஒற்றன் என்று பரதன் என்னும் அரச ஊழியன் அவனைப் பிடித்துக் கொடுக்க, விசாரணையில்லாமல் வெட்டப்படுகிறான். அந்தப் பரதன்தான் மறுபிறவியில் கோவலன் என்பது தெய்வம் கண்ணகிக்குத் தரும் விளக்கம்.

இந்த மூன்று ஆண்களுக்கும் பின்னால் மூன்று பெண்கள். கண்ணகி, கார்த்திகை, சங்கமன் மனைவி நீலி. நீலி 14 நாள் தெருத்தெருவாக அழுது திரிந்து, மலையேறி, சபித்து, உயிரை விடுகிறாள். கண்ணகிக்கும் அதே 14 நாள்.

மூவரில் அரசிடமிருந்து ஏதாவது வந்து சேர்ந்தது ஒரு வீட்டுக்கு மட்டும். அதுவும் கணவன் உயிரோடு திரும்பிய வீடு, வேதம் ஓதுகிற வீடு. கதவைச் சாத்த வைத்தது கார்த்திகையின் அழுகை. ஊர்கள் எழுதப்பட்டது வார்த்திகன் பெயருக்கு. நீலிக்கு ஒன்றுமில்லை. கண்ணகிக்குக் கிடைத்தது ஒரு விளக்கம்: பாண்டியர் ஒருபோதும் நீதி தவறாதவர்கள், உன் கணவன் போன பிறவியில் செய்தது இப்போது வந்தது. வார்த்திகனுக்கு நிலம், கண்ணகிக்குத் தத்துவம்!

பழைய நூலை இன்றைய சட்டக் கண்ணாடி போட்டுப் படிக்கலாமா என்று என் ஆசிரியர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். இழப்பீட்டுக் கதையையும் இழப்பீடு பெறாதவளின் கதையையும் ஒரே காதைக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது நானல்ல. அந்தத் தெய்வம் கண்ணகியின் முகத்துக்கு நேரே வர அஞ்சிப் பின்பக்கமாக வந்து நின்று பேசியது என்பதும் நூலிலேயே இருக்கிறது. நியாயம் சொல்ல வந்தவர்கள் முதுகுப்பக்கம் ஏன் நிற்க வேண்டும்?

ஆனாலும் அந்தப் பாண்டியனிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் மூன்று காரியம் செய்தான். விழுந்து மன்னிப்புக் கேட்டான். நிலம் கொடுத்தான். அத்தோடு சட்டத்தையும் மாற்றினான்: சிறைகளைத் திறக்கச் சொல்லி, புதையல் இனிமேல் கண்டெடுத்தவருக்கே என்று யானைமேல் முரசறைவித்தான். எந்த விதியைச் சொல்லி வார்த்திகனைப் பிடித்தார்களோ அந்த விதியையே எடுத்துவிட்டான். நம் அரசுகள், தரும்போது, நடுவில் உள்ள ஒன்றை மட்டும் செய்கின்றன.

தூத்துக்குடியை எடுத்துக்கொள்வோம். ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே 22 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது. அதையொட்டி நூற்றுக்கணக்கானோர் பிடிக்கப்பட்டார்கள். 2021 மே மாதம், ஆட்சி மாறிய சில நாட்களில், நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இடைக்கால அறிக்கையை வைத்து முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவிப்புகள் செய்தார். கைதாகிக் காயமும் மன உளைச்சலும் அடைந்த 93 பேருக்குத் தலா 1 லட்சம் ரூபாய். கைதாகிச் சிறையில் இறந்துபோன ஒருவரின் 72 வயதுத் தாய்க்கு 2 லட்சம். வழக்குகள் பலவும் திரும்பப் பெறப்பட்டன.

இதை நான் குறை சொல்லவில்லை. பணம் போய்ச் சேர்ந்தது நல்லதுதான். என் கவலை அந்த அறிவிப்பில் உள்ள ஒரு சொல்லைப் பற்றியது. நிவாரணம். வெள்ளத்துக்கு நிவாரணம், புயலுக்கு நிவாரணம், போலீஸ் வழக்குக்கும் நிவாரணம். இயற்கை செய்ததற்கும் அரசு செய்ததற்கும் ஒரே சொல்! இழப்பீடு என்று சொன்னால் இழக்கச் செய்தவர் ஒருவர் வாக்கியத்துக்குள் வந்துவிடுவார். நட்டஈடு என்றாலும் அப்படித்தான். நிவாரணத்தில் எழுவாய் எப்போதும் கொடுப்பவர். பறித்தவருக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. கருணைத்தொகை என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒவ்வொரு ஆட்சி மாற்றத்துக்குப் பிறகும் நடக்கும் அரசியல் சண்டை இந்தச் சொல்லிலிருந்துதான் வருகிறது. முந்தைய ஆட்சி போட்ட வழக்கைப் புதிய ஆட்சி திரும்பப் பெறும், சிலருக்குத் தொகை கொடுக்கும். எதிர்க்கட்சி, தன் ஆட்களுக்குப் பொதுப்பணத்தை அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று சொல்லும். இரண்டு பக்கமும் ஒன்றில் உடன்படுகிறார்கள்: கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் ஆள்பவரின் விருப்பம். எதிர்க்கட்சியின் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. யாருக்கு அநீதி நடந்தது என்பதை அமைச்சரவை தீர்மானித்தால், அடுத்த அமைச்சரவை வேறு ஆட்களைத் தீர்மானிக்கும். ஆனால் அதற்கு மருந்து கொடுக்காமல் இருப்பதல்ல, கொடுக்கும் முடிவை ஆள்பவரின் கையிலிருந்து எடுப்பது.

எடுப்பதற்கான தாள் தயாராகத்தான் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் இந்திய சட்ட ஆணையம் தன் 277ஆவது அறிக்கையைக் கொடுத்தது. தவறான வழக்குத் தொடர்தலால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கோரும் சட்டப்பூர்வ உரிமை வேண்டும், அதை விசாரிக்கத் தனி நீதிமன்றங்கள் வேண்டும், பணத்தோடு மனநல உதவியும் தொழிற்பயிற்சியும் வேண்டும் என்றது. தீயநோக்கோடும் நல்லெண்ணம் இல்லாமலும் தொடரப்பட்ட வழக்குகளுக்கே இது பொருந்தும் என்றும் வரையறுத்தது. விடுதலையான எல்லோருக்கும் பணம் என்று அது சொல்லவில்லை. அறிக்கை அலமாரியில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அந்தப் பரிந்துரைக்கு இடம் கிடைக்கவில்லை.

இடம் கிடைத்தது பழைய ஒரு பிரிவுக்கு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 358ஆவது பிரிவு, புதிய சட்டத்தில் 399. போதிய காரணமில்லாமல் ஒருவரைக் கைது செய்ய வைத்தால் இழப்பீடு உண்டு. எவ்வளவு? அதிகபட்சம் 1,000 ரூபாய். அச்சுப்பிழை இல்லை, ஆயிரம்தான். யார் கொடுக்க வேண்டும்? அரசு அல்ல, கைது செய்த போலீஸும் அல்ல. கைதுக்குக் காரணமான புகார்தாரர்.

இதைப் பெண்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். ‘பொய் வழக்கு’ என்ற சொல்லை நம் ஊரில் அதிகமும் கேட்பது எங்கே? வரதட்சணைக் கொடுமைப் புகார் கொடுத்தவளின் வீட்டு வாசலில். பாலியல் புகார் கொடுத்தவளைப் பற்றிய தேநீர்க்கடைப் பேச்சில். குற்றம் சாட்டப்பட்டவருக்கு இழப்பீடு என்றதுமே நம் தோழிகள் பலர் தயங்குவதற்கு இது காரணம். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். சாட்சி மிரட்டப்பட்டு, தடயம் கெட்டு, சந்தேகத்தின் பலனில் விடுதலையானவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம். அவர்களெல்லாம் இழப்பீடு கேட்டுப் புகார் கொடுத்தவளையே கூண்டில் ஏற்றினால் என்ன ஆகும்?

ஆனால் ஆயிரம் ரூபாய்ப் பிரிவு செய்துகொண்டிருப்பது ஏறக்குறைய அதைத்தான். புகார் சொன்னவரைப் பார்த்து விரல் நீட்டுகிறது. சோடித்தவரை, சாட்சியைத் தயாரித்தவரை, தெரிந்தே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தவரை விட்டுவிடுகிறது. ஒரு பெண் புகார் சொன்னாள், வழக்கு நிற்கவில்லை என்பது வேறு. ஒரு அரசு ஊழியர் இல்லாததை இருப்பதாக எழுதினார் என்பது வேறு. முதலாவதுக்கு இழப்பீட்டுச் சட்டத்தில் வேலையே இருக்கக் கூடாது. இரண்டாவதுக்குத்தான் சட்டம் வேண்டும், கொடுக்க வேண்டியதும் அரசுதான். இந்தக் கோட்டைப் போடும் வேலையை நாம் செய்யாவிட்டால் வேறு யாரோ நமக்கு எதிராகப் போட்டுவிடுவார்கள்.

இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் பெண்கள் அதிகம் நிற்கிறார்கள் என்பதற்கு வாச்சாத்தி போதும். 1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் பழங்குடிகளின் கிராமம். சந்தனமரம் பதுக்கியிருக்கிறார்கள் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. பிறகு நடந்ததைக் கவனியுங்கள்: வழக்கு ஊரார்மேல் போடப்பட்டது. 90 பெண்களும் 28 குழந்தைகளும் சந்தனக் கடத்தல்காரர்களாகச் சிறைக்குப் போனார்கள். வன்முறையை மறைக்கிற போர்வையாக வழக்கு இருந்தது. சங்கமும் இடதுசாரிகளும் விடாமல் போராடியதால் சி.பி.ஐ. வந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி பி. வேல்முருகன் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தார். தீர்ப்புக்கு முன் அவர் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்திருந்தார். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய், அதில் பாதியை வன்முறை செய்தவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றார். வேலையோ சுயதொழிலோ ஏற்பாடு செய்யச் சொன்னார். அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.

செய்தவரிடமிருந்து பாதி என்ற அந்த ஒரு வரிக்காகவே இந்தத் தீர்ப்பை மாணவிகள் படிக்க வேண்டும். நிவாரணம் இழப்பீடாக மாறும் இடம் அது. 31 வருடம் ஆனது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்னொன்று, எல்லோருக்கும் தெரிந்த கதை. இஸ்ரோ ஒற்று வழக்கு. நாகர்கோவில்காரரான விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994 நவம்பரில் கேரளத்தில் கைதானார். 50 நாள் காவல். 1996இல் சி.பி.ஐ. குற்றச்சாட்டு பொய் என்று அறிக்கை கொடுத்தது. 2001இல் தேசிய மனித உரிமைகள் ஆணையம் 10 லட்சம் தரச் சொன்னது. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் 50 லட்சம் என்றது. பிறகு கேரள அரசு 1 கோடியே 30 லட்சம் கொடுத்தது. பத்மபூஷணும் வந்தது. 2022இல் மாதவன் எடுத்து நடித்த ‘ராக்கெட்ரி: நம்பி விளைவு’ வெளியானது, தேசிய விருதும் பெற்றது. அத்தனையும் அவருக்குத் தகும். அவர் சண்டையிட்டு வாங்கியது.

படத்தைப் பார்த்துவிட்டு நான் அழுதேன், மறைக்கவில்லை. சிம்ரன் நடித்த மனைவி மீனாவின் மனம் சிதறும் இடத்தில் அழுதேன். வீட்டுக்கு வந்தபிறகுதான், அந்த வழக்கு யாரைக் கைது செய்து தொடங்கியது என்ற நினைவு வந்தது. மாலத்தீவைச் சேர்ந்த மரியம் ரஷீதா. 1994 அக்டோபரில், விமானம் ரத்தாகி, விசா நீட்டிப்புக்காகத் திருவனந்தபுரம் போலீஸ் அலுவலகத்துக்குப் போனவர். அங்கே ஒரு அதிகாரியின் ஆசைக்கு இணங்க மறுத்ததால்தான் தன்மேல் வழக்கு வந்தது என்பது அவருடைய குற்றச்சாட்டு. அடுத்துக் கைதானவர் ஃபௌசியா ஹசன், மாலத்தீவு நடிகை. இருவரும் மூன்று வருடத்துக்கும் மேல் சிறையில் இருந்தார்கள். விஞ்ஞானிக்கு 50 நாள், அவர்களுக்கு மூன்று வருடம். பத்திரிகைகள் விஞ்ஞானியின் தேசபக்தியைச் சந்தேகித்தன, அவர்களுடைய படுக்கையறையைச் சந்தேகித்தன. ஃபௌசியா 2022 ஆகஸ்ட் 31 அன்று தம் 80ஆவது வயதில் கொழும்பில் இறந்தார். படம் வெளியாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நம்பி நாராயணனுக்குக் கிடைத்த அளவில் ஒரு இழப்பீட்டை அவர் பார்க்கவில்லை. அவரும் ரஷீதாவும் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் ஒரு காட்சிக்கு அந்தப் படத்திலும் இடமில்லை.

இது விஞ்ஞானியின் தவறா? இல்லை. தொகையைக் கணக்கிடும் முறையின் தவறு. ஒரு வாழ்க்கைப்பணி குலைந்தது, புகழ் கெட்டது, நாடு நஷ்டப்பட்டது என்ற கணக்கு வைத்தால் பெரிய எண் வரும். பதவி இல்லாத, புகழ் இல்லாத, வேறு நாட்டுக்காரியான ஒருத்தியிடம் அந்தக் கணக்கு எதைப் பெருக்கும்? ஒற்றன் என்று சொல்லி வெட்டப்பட்ட சங்கமனும் சிங்கபுரத்துக்கு வெளியூர்க்காரன்தான். அவனுக்காக எந்தக் கோயில் கதவும் சாத்திக்கொள்ளவில்லை.

இழப்பீடு கொடுத்தால் ஆபத்தான முன்னுதாரணம் ஆகிவிடும் என்பது இந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப வரும் வாதம். அக்‌ஷர்தாம் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றமே விடுவித்தவர்கள் இழப்பீடு கேட்டபோது 2016இல் அதே நீதிமன்றம் மறுத்தது இந்த அச்சத்தால்தான். 1983இலேயே, விடுதலையான பிறகும் 14 வருடம் பீகார் சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு 35,000 ரூபாய் கொடுக்கச் சொன்னதும் அதே நீதிமன்றம். ஆக, கதவு திறப்பது அன்றைக்கு யார் கேட்கிறார்கள், யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சட்டம் இல்லாத இடத்தில் இப்படித்தான் இருக்கும்.

என் வீட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும்போதெல்லாம் ராஜீவ் காந்தி நினைவிடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். 1991 மே 21 அன்று அங்கே ராஜீவோடு இறந்தவர்களிலும் பெண்கள் உண்டு. அந்த வீடுகளின் துக்கத்தைச் சிறிதாக்கும் எதையும் நான் எழுத மாட்டேன். அந்த வழக்கில் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு என்றது தடா நீதிமன்றம். 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் கொலைச்சதிக் குற்றத்திலிருந்து 19 பேரை விடுவித்தது. சிலருக்குச் சிறுகுற்றங்கள் நிலைத்தாலும் அதற்கான காலத்தைவிட அதிகம் சிறையில் கழித்திருந்தார்கள். ஒருவர் தூக்குக் கயிற்றை நினைத்துக்கொண்டு கழித்த பதினைந்து மாதத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது?

அதே வழக்கில் 19 வயதில் கைதான பேரறிவாளன் 2022 மே 18 அன்று விடுதலையானார். குற்றமற்றவர் என்ற தீர்ப்பு அல்ல அது. தன் தனி அதிகாரத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் கொடுத்த விடுதலை. வாக்குமூலத்தைப் பதிவுசெய்த அதிகாரியே, அவருக்குச் சாதகமான பகுதியை விட்டுவிட்டதாக 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். இப்படிப்பட்ட வழக்கு எந்த இழப்பீட்டுச் சட்டத்துக்குள்ளும் எளிதில் அடங்காது என்பது எனக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது அவருடைய தாய் அற்புதம் அம்மாளைப் பற்றி. 31 வருடம். ஜோலார்பேட்டையிலிருந்து சிறைக்கு, சிறையிலிருந்து வக்கீல் வீட்டுக்கு, அங்கிருந்து கூட்ட மேடைக்கு. பஸ் டிக்கெட்டை மட்டும் கூட்டினாலே ஒரு தொகை வரும். சட்ட ஆணையத்தின் வரைவில் இழப்பீடு கோரும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு. அவர் இறந்துபோனால் வாரிசுகளுக்கு. வெளியே நின்றவளுக்குத் தன் பெயரில் கேட்கும் உரிமை இல்லை. மகன் செத்தால்தான் தாய்க்குக் கணக்கு.

நீலி தெருவில் அலைந்த 14 நாளை இளங்கோ எண்ணி எழுதியிருக்கிறார். நாம் அதைக்கூடச் செய்யவில்லை. சிறைக்கம்பிக்கு உள்ளே இருந்த நாட்களை எண்ணுகிறோம், வாசலில் நின்ற நாட்களை எண்ணுவதில்லை. கொண்டுபோன சாப்பாட்டுத் தூக்கு, அடகு வைத்த கம்மல், பள்ளியிலிருந்து நின்ற தங்கை, இதெல்லாம் எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லாத செலவுகள். இங்கிலாந்தில், பழுதான ஹொரைசன் கணினியை நம்பி அஞ்சலக நிலையக்காரர்களைத் திருடர்களாக்கிய வழக்கில் 2024இல் தனிச் சட்டமே போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள், நிலையான தொகையும் அறிவித்தார்கள். அங்கும் குடும்பத்தாரின் இழப்பைச் சேர்க்க வைக்கத் தனியாகப் போராட வேண்டியிருந்தது.

ஆகவே சட்டம் வேண்டும் என்று கேட்கும்போது மூன்றையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன், பாண்டியன் செய்த மூன்றையும். மன்னிப்பு எழுத்தில் வேண்டும், பெயர் சொல்லி. தொகை வேண்டும், கார்த்திகையின் பெயருக்கும். எந்தப் பிரிவைச் சுலபமாகத் தூக்கிப் போட்டு ஆட்களைப் பிடிக்கிறார்களோ அந்தப் பிரிவைத் திருத்தும் வேலையும் வேண்டும். சாலையில் உட்கார்ந்தவளை ஊழியரைத் தடுத்தவளாக எழுத ஒரு எழுத்தர் போதும் என்ற நிலை இருக்கும்வரை இந்தச் சாலையில் அடுத்த வேன் வந்துகொண்டுதான் இருக்கும்.

அந்த மாணவியின் அக்கா போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். பிளாஸ்டிக் கவரையும் கொண்டுவந்திருந்தாள். ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். விண்ணப்பப் படிவத்தை என் மேசையில் வைத்தாள். எல்லாக் கட்டங்களும் அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தது. ஒன்று மட்டும் காலி. உங்கள் மீது எப்போதாவது காவல்துறை வழக்கு பதிவு செய்யப்பட்டதுண்டா?

“கேஸ் இல்லன்னுதான் இந்தப் பேப்பர் சொல்லுது. ஆனா ‘எப்போதாவது’ன்னு போட்டிருக்காங்களே, மேடம். அதுக்கு என்ன எழுதறது?”

தெரிந்த வழக்கறிஞர் ஒருவருக்குப் போன் செய்தேன். அவர் ஹைகோர்ட்டில் இருந்தார், சாயங்காலம் பேசுகிறேன் என்றார். அவளுக்கு நான்கு மணிக்குள் படிவத்தைக் கொடுக்க வேண்டும். டீ குடித்துவிட்டு, அந்தக் கட்டத்தை அப்படியே விட்டு, கவருக்குள் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.